மீட்டர் 232 காட்டும்போதும் கிரிட் சரியலாம்: வோல்டேஜ் நிலைப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கத்திரி வெயில் நெருங்கினால் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இரண்டு குரல்கள் சேர்ந்து கேட்கும். "லோ வோல்டேஜ், மோட்டார் காயில் போயிடுச்சு, ஃபிரிட்ஜ் ஓடல" என்பது ஊர்க்காரர்கள் குரல். "துணைமின் நிலையத்தில் வோல்டேஜ் விதிக்குட்பட்டுத்தான் இருக்கிறது" என்பது ஈ.பி. தரப்பின் குரல். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இதற்கு நடுவே 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகலில் இருளில் மூழ்கின. வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறியதுதான் அங்கே காரணம் என்று ஐரோப்பிய நிபுணர் குழு சொன்னது. இறங்கினால் ஆபத்தா, ஏறினால் ஆபத்தா என்ற குழப்பம் இயல்பானதே.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வோல்ட் மீட்டரில் தெரியும் எண்ணையே ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்கிறோம். மின் பொறியாளர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வோல்டேஜ் சரிந்துவிடும் விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது, எங்கே திணறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டிய மூன்று

1. லோ வோல்டேஜ். டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி போர்வெல் வரை நீளும் கம்பியில் அழுத்தம் விழுவது. வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட், அதில் 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. லைனின் கடைசியில் இருப்பவருக்கு 180 வந்தால் அது சேவைக் குறைபாடு. ஆனாலும் சுமை மாறாதவரை அந்த 180 அப்படியே 180 ஆக நிற்கும். அது நிலையாக இருக்கும் மோசமான வோல்டேஜ்.

2. ஓவர் வோல்டேஜ். நீளமான உயரழுத்த லைனில் சுமை குறைவாக இருந்தால், அந்த லைனே ஒரு கெப்பாசிட்டர் போல நடந்து வோல்டேஜை ஏற்றிவிடும். நள்ளிரவில் 400, 765 கிலோவோல்ட் நிலையங்களில் ரியாக்டர்களை (வோல்டேஜை இறக்கும் பெரிய கம்பிச்சுருள்களை) சேர்ப்பது இதை அடக்கத்தான். ஐபீரியத் தீபகற்பத்தில் நடந்தது இந்த வகை: ஏறிய வோல்டேஜால் மின் நிலையங்கள் கழன்றன; கழன்றதால் வோல்டேஜ் மேலும் ஏறியது.

3. வோல்டேஜ் சரிவு. சுமையைக் கொஞ்சம் கூட்டியதும், அல்லது ஒரு லைன் விழுந்ததும், வோல்டேஜ் புதிய இடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போவது. எந்த இடத்திலும் சமநிலை கிடைக்காது.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

ரியாக்டிவ் பவர் ஏன் பக்கத்திலேயே வேண்டும்

மோட்டாருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் காந்தப்புலம் வேண்டும். அந்தப் புலத்தை எழுப்பவும் அடக்கவும் ஒவ்வொரு சுழற்சியிலும் போய்த் திரும்பும் திறனைத்தான் ரியாக்டிவ் பவர் என்கிறோம். அது எந்த வேலையும் செய்வதில்லை. மீட்டரில் யூனிட்டாகவும் ஏறுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வோல்டேஜ் நிற்காது.

கிரிட்டின் அதிர்வெண் எல்லா ஊருக்கும் ஒன்றே. சென்னையில் 49.9 ஹெர்ட்ஸ் என்றால் ஆற்காட்டிலும் அதுவே. வோல்டேஜ் அப்படி அல்ல. அது அந்தந்த இடத்துக்கு உரியது. காரணம், உயரழுத்த லைனில் மின்தடையைவிட மின்மறுப்பு (மாறும் கரண்டை லைனின் காந்தப்புலம் எதிர்க்கும் அளவு) பல மடங்கு அதிகம். ரியாக்டிவ் பவரை அதன் வழியே தூரத்துக்கு அனுப்பினால், ஏரி மதகில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போவதற்குள் வாய்க்காலே குடித்துவிடுவது போல, வழியிலேயே பெரும்பகுதி போய்விடும்.

வேலூருக்கு இது முக்கியமான செய்தி. மாவட்டத்துக்குள் பெரிய அனல் மின் நிலையமோ அணு மின் நிலையமோ கிடையாது. எண்ணூர், வல்லூர், கல்பாக்கம் எல்லாம் கடலோரத்தில், நெய்வேலி தெற்கே. திருவலத்தில் இருக்கும் 765/400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்துக்குக் கர்நூலிலிருந்து 765 கிலோவோல்ட் லைன் வருகிறது. ஆக, யூனிட் வர வழி இருக்கிறது. ஆனால் ராணிப்பேட்டை சிப்காட்டின் மோட்டார்களும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளில் சுழலும் டிரம்களும், அணைக்கட்டு, கே.வி. குப்பம் பக்கத்துப் பம்புசெட்டுகளும் கேட்கும் ரியாக்டிவ் பவரை உள்ளூர்க் கெப்பாசிட்டர்கள்தான் பெரும்பாலும் தர வேண்டும்.

ஒரே லைன், ஒரே சுமை: மொத்தக் கதையும் இதில் இருக்கிறது

ஆயிரக்கணக்கான முனைகள் (லைன்கள் சந்திக்கும் இடங்கள்) கொண்ட கிரிட்டைத் தொடும் முன், மிகச் சிறிய கணக்கு ஒன்றைப் போடலாம். ஒரு முனையில் மாறாத வோல்டேஜ் தரும் மூலம். நடுவில் மின்மறுப்பு மட்டுமே உள்ள லைன். மறுமுனையில் பவர் ஃபாக்டர் 1 உள்ள, அதாவது ரியாக்டிவ் பவரே கேட்காத சுமை. மூலத்தின் வோல்டேஜை 1 என்றும், அந்த லைன் கடத்தக்கூடிய உச்சச் சுமையை 1 என்றும் வைத்துக்கொண்டால், சமன்பாடு இப்படிச் சுருங்கும்:

வ² − வ + சு² ÷ 4 = 0

இங்கே வ என்பது சுமை முனை வோல்டேஜின் வர்க்கம். சு என்பது சுமை. பத்தாம் வகுப்பில் தீர்த்த அதே இருபடிச் சமன்பாடு. அதற்கு இரண்டு மூலங்கள், அதாவது தீர்வுகள், உண்டு. பெரிய மூலத்தை எடுத்து, 1 என்பதை 230 வோல்ட் என்று படித்தால் கிடைப்பது:

1. சுமை உச்சத்தில் 28 சதவீதம்: 228 வோல்ட்
2. 60 சதவீதம்: 218 வோல்ட்
3. 80 சதவீதம்: 206 வோல்ட்
4. 96 சதவீதம்: 184 வோல்ட்
5. 100 சதவீதம்: 163 வோல்ட்

80-லிருந்து 96 வரை 16 சதவீதம் சுமை கூட்டியபோது விழுந்தது 22 வோல்ட். அடுத்த 4 சதவீதத்துக்கே கிட்டத்தட்ட அதே அளவு விழுந்துவிட்டது. 100-க்கு மேல் ஒரு துளி கூட்டினாலும் சமன்பாட்டுக்கு மெய்யெண் தீர்வே கிடையாது. "வோல்டேஜ் குறைவாக இருக்கும்" என்று கூட அங்கே சொல்ல முடியாது. அந்தச் சுமையோடு பொருந்தும் வோல்டேஜ் என்று ஒன்று இல்லை.

சிறிய மூலமும் கவனிக்கத்தக்கது. 60 சதவீதச் சுமைக்கு அது 73 வோல்ட், 80-க்கு 103, 96-க்கு 138. அதாவது மேல் தீர்வு இறங்கிவர, கீழ்த் தீர்வு ஏறிவந்து, 163 வோல்ட்டில் இரண்டும் முட்டி மறைகின்றன. சுமையைக் கிடைமட்டமாகவும் வோல்டேஜைச் செங்குத்தாகவும் வரைந்தால் பக்கவாட்டில் நீட்டிய மூக்கு மாதிரி வளைவு வரும். அதனால் மூக்கு வளைவு என்றே சொல்கிறார்கள். மூக்கு நுனிதான் விளிம்பு.

பவர் ஃபாக்டர் என்ன செய்கிறது பாருங்கள். மோட்டார்ச் சுமையாக இருந்து பவர் ஃபாக்டர் 0.8 ஆனால், அதே லைன் கடத்தக்கூடிய உச்சம் சரிபாதி ஆகிவிடும்: 100-க்குப் பதில் 50. பம்புசெட்டுக்குக் கெப்பாசிட்டர் வை என்று ஈ.பி. வற்புறுத்துவது வெறும் பில் சமாச்சாரம் அல்ல.

கெப்பாசிட்டர் செய்யும் மறைப்பு

இப்போது சுமை முனையில் கெப்பாசிட்டர் ஒன்றை வைப்போம். அதன் அளவு, லைனின் மின்மறுப்போடு பெருக்கினால் 0.3 வரும்படி இருக்கட்டும். இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. உச்சச் சுமை 100-லிருந்து 143 ஆக உயர்கிறது, இது லாபம். மூக்கு நுனியும் மேலே நகர்கிறது: 163 வோல்ட்டில் இருந்த விளிம்பு 232 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது.

என் பார்வையில் இந்தத் துறையின் மையமான உண்மை இதுதான். மீட்டர் 232 காட்டுகிறது. விதிப்படி எல்லாம் கச்சிதம். அதே நொடியில் அமைப்பு மூக்கு நுனியில் நிற்கிறது. சுமை ஏற ஏறக் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வோல்டேஜை நிமிர்த்தி வைக்கும் எந்த ஊரிலும் இது நடக்கலாம். போதாததற்கு, கெப்பாசிட்டர் தரும் ரியாக்டிவ் பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 90 சதவீதமானால் உதவி 81 சதவீதமாகிவிடும். தேவை கூடும் வேளையில் கை கொடுப்பது குறைகிறது. ரியாக்டிவ் பவரைத் தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும் எஸ்.வி.சி., ஸ்டாட்காம், சுழலும் சிங்க்ரனஸ் கண்டென்சர் போன்ற கருவிகளுக்கு ஏன் கூடுதல் பணம் செலவழிக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

ஆகவே "வோல்டேஜ் சரியாக இருக்கிறதா" என்பது ஒரு கேள்வி, "நுனி எவ்வளவு தூரம்" என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு மீட்டர் போதாது. கணினி வேண்டும்.

நியூட்டன் முறை: வேகமானது, விளிம்பில் திணறுவது

உண்மையான கிரிட்டில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு சமன்பாடுகள்: ஒன்று மெகாவாட்டுக்கு, ஒன்று ரியாக்டிவ் பவருக்கு. எல்லாம் நேரிலிச் சமன்பாடுகள். நேரடிச் சூத்திரம் இல்லை. ஓர் ஊகத்தில் தொடங்கி, பிழையைப் பார்த்து, திருத்தித் திருத்தி நெருங்க வேண்டும். 1956-இல் வார்டும் ஹேலும் இதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். 1967-இல் டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையைப் பெரிய கிரிட்டுகளுக்கு ஏற்றதாக்கினார்கள். ஒரு துணைமின் நிலையம் நாலைந்து லைன்களோடுதான் இணைந்திருக்கும் என்பதால், சமன்பாடுகளை அடுக்கிய அணியில் பெரும்பாலான இடங்கள் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களைத் தொடாமல் கணக்கிடும் வரிசையை அவர்கள் பயன்படுத்தியதுதான் திருப்பம். 1974-இல் ஸ்டாட், அல்சாக் இருவரும் மெகாவாட் கணக்கையும் ரியாக்டிவ் கணக்கையும் பிரித்து மேலும் வேகமாக்கினார்கள்.

நியூட்டன் முறையை நம் குட்டிச் சமன்பாட்டிலேயே ஓட்டிப் பார்க்கலாம். விதி எளிது: இப்போதுள்ள பிழையை, அந்த இடத்து வகைக்கெழுவால் வகுத்துக் கழிக்க வேண்டும். இங்கே வகைக்கெழு 2வ − 1. வ = 1 என்ற ஊகத்தில் தொடங்குவோம்.

1. சுமை 0.6. முதல் சுற்றில் 0.91, இரண்டாவதில் 0.9001, மூன்றாவதில் 0.9000. முடிந்தது.

2. சுமை சரியாக 1. சுற்றுக்கு ஒருமுறை பிழை பாதிதான் ஆகிறது: 0.75, 0.625, 0.5625 என்று ஊர்ந்து போகிறது. பத்துச் சுற்றுக்குப் பிறகும் சிறு பிழை மிச்சம்.

3. சுமை 1.1. முதலில் 0.70, பிறகு 0.47, அடுத்து திடீரென்று 1.25, அதன் பிறகு 0.84. எங்கேயும் நிற்காமல் துள்ளுகிறது.

காரணம் வகைக்கெழுவில் இருக்கிறது. மூக்கு நுனியில் வ = 0.5, அங்கே 2வ − 1 பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. பூஜ்யத்துக்குப் பக்கத்து எண்ணால் வகுத்தால் விடை எங்கோ பறக்கும். பெரிய கிரிட்டில் இந்த வகைக்கெழுவின் இடத்தில் இருப்பது, எல்லாச் சமன்பாடுகளின் வகைக்கெழுக்களையும் அடுக்கிய ஜேக்கோபியன் அணி. நுனியில் அது பூச்சியக்கோவை அணி, அதாவது நேர்மாறு இல்லாத அணி ஆகிவிடும். கணக்கு உடையும் இடமும் கிரிட் உடையும் இடமும் ஒன்றாக அமைவது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே அணியின் குணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிரல் "தீர்வு குவியவில்லை" என்று சொன்னால், உடனே "கிரிட் சரிந்துவிடும்" என்று எழுதிவிடுகிற பழக்கம் மாணவர் புராஜெக்ட்டுகளில் உண்டு. அது தவறு. தொடக்க ஊகம் மோசமாக இருந்தாலோ, லைன் விவரம் ஒன்றைத் தப்பாக உள்ளிட்டாலோ, ஜெனரேட்டர் வரம்பைக் கையாளும் விதத்திலோ கூடக் குவியாமல் போகலாம். குவியாமை சந்தேகத்துக்கு மட்டுமே இடம் தரும்.

தொடர்ச்சி முறை: கேள்வியைத் திருப்பிக் கேட்பது

இந்தச் சிக்கலுக்கு நேர்த்தியான பதில் 1992-இல் வெங்கடரமண அஜ்ஜரப்பு, கிறிஸ்டி இருவரும் வெளியிட்ட தொடர்ச்சி மின்பாய்வு முறை. அதன் சாரம்: சுமையைக் கொடுத்து வோல்டேஜைக் கேட்டால் நுனியில் மாட்டிக்கொள்கிறோம் அல்லவா? வோல்டேஜைக் கொடுத்துச் சுமையைக் கேள்.

நம் சமன்பாட்டில் சுமை = 2√(வ(1 − வ)). வ = 0.6 என்றால் சுமை 0.98. வ = 0.5 என்றால் 1. வ = 0.4 என்றால் மீண்டும் 0.98. எந்தத் தடங்கலும் இல்லாமல் நுனியைச் சுற்றிக் கீழ்ப் பக்கத்துக்குப் போய்விட்டோம். பெரிய கிரிட்டில் இதே வேலை நான்கு படிகளில் நடக்கும்:

1. சுமை எந்தத் திசையில் வளரும் என்று முடிவு செய்வது. எல்லா ஊரிலும் ஒரே விகிதத்திலா, விவசாயப் பீடர்களில் (துணைமின் நிலையத்திலிருந்து பிரிந்து போகும் லைன்களில்) மட்டுமா? கூடும் மெகாவாட்டை எந்த மின் நிலையம் தரும்? இதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். விடை பெரிதும் இதைப் பொறுத்தது.

2. இப்போதுள்ள தீர்விலிருந்து தொடுகோடு வழியே ஓர் அடி முன்னே வைப்பது. இது முன்கணிப்பு.

3. அந்த இடத்திலிருந்து நியூட்டன் முறையால் வளைவுக்குத் திரும்புவது. இது திருத்தம்.

4. எந்த மாறி மிக வேகமாக மாறுகிறதோ அதை அடுத்த அடிக்கு நிலையாகப் பிடித்துக்கொள்வது. தொடக்கத்தில் அது சுமையாக இருக்கும். நுனியருகே ஏதாவது ஒரு முனையின் வோல்டேஜாக மாறும்.

நான்காவது படிதான் சூட்சுமம். கூடுதலாக ஒரு சமன்பாட்டைச் சேர்ப்பதால் விரிந்த அணி நுனியிலும் பூச்சியக்கோவை ஆவதில்லை. இப்போதைய சுமைக்கும் நுனிச் சுமைக்கும் உள்ள இடைவெளியை மெகாவாட்டில் சொல்லலாம். அதுவே சுமை விளிம்பு.

நுனி எப்போதும் வழவழப்பான வளைவாக வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜெனரேட்டர் தன் ரியாக்டிவ் உச்சத்தைத் தொட்டதும் அந்த முனையின் வோல்டேஜைப் பிடித்து நிறுத்த முடியாமல் போகும். வளைவு அங்கே வெட்டுப்பட்டு வேறு வளைவுக்குத் தாவும். சில வேளை அந்தத் தாவலே சரிவாக முடியும். ஜெனரேட்டர் வரம்பைச் சேர்க்காமல் வரைந்த மூக்கு வளைவு அழகாக இருக்கும், நம்பத் தகாதது.

இதே வேலைக்கு வேறு வழிகளும் உண்டு. நுனியை நேரடியாகவே ஒரு சமன்பாடாக எழுதித் தீர்ப்பது ஒன்று. 2012-இல் அன்டோனியோ டிரியாஸ் முன்வைத்த, சிக்கலெண் சார்புகளின் தொடர்விரிவை நம்பும் முறை இன்னொன்று; தொடக்க ஊகமே தேவையில்லை என்பது அதன் கவர்ச்சி. நடைமுறை ஆய்வுகளில் தொடர்ச்சி முறையின் இடம் இன்னும் அசையவில்லை.

நுனி தூரம் தெரிந்தது, பலவீனம் எங்கே?

300 மெகாவாட் விளிம்பு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. கெப்பாசிட்டரை ராணிப்பேட்டையில் வைப்பதா, பேரணாம்பட்டில் வைப்பதா? இதற்கு 1992-இல் காவ், மோரிசன், குந்தூர் மூவரும் தந்த ஐகன் மதிப்பு முறை உதவுகிறது. ஜேக்கோபியனிலிருந்து மெகாவாட் பகுதியை நீக்கி, ரியாக்டிவ் பவருக்கும் வோல்டேஜுக்கும் உள்ள உறவை மட்டும் ஓர் அணியாகச் சுருக்க வேண்டும். அதன் ஐகன் மதிப்புகளில் (அணி தனக்குரிய திசைகளில் எத்தனை மடங்கு நீட்டுகிறது என்று காட்டும் எண்களில்) மிகச் சிறியதுதான் நம் ஆள். ஐகன் மதிப்பு சிறியதானால், அற்ப ரியாக்டிவ் மாற்றத்துக்கும் வோல்டேஜ் பெரிதாக ஆடும். பூஜ்யமானால் சரிவு. அந்த ஐகன் மதிப்புக்கு உரிய திசையன்கள், எந்தெந்த முனைகள் இந்த ஆட்டத்தில் எவ்வளவு பங்கு எடுக்கின்றன என்று காட்டும்.

இங்கே பயன்படுவது அந்தப் பங்குப் பட்டியல்தான். ஐகன் மதிப்பைத் தூரம் காட்டும் மைல்கல்லாகப் படிக்கக் கூடாது. அது நேர்கோட்டில் குறைவதில்லை. ஒரு ஜெனரேட்டர் வரம்பைத் தொட்டால் படாரென்று விழும்.

கட்டுப்பாட்டு அறையில் நொடிக்கு நொடி பார்க்க வேண்டும் என்றால் இன்னும் எளிய குறியீடு வேண்டும். 1986-இல் கெசல், கிளாவிச் இருவரும் கொடுத்த எல் குறியீடு அப்படிப்பட்டது: சுமை இல்லாதபோது 0, சரிவில் 1. நம் குட்டி லைனில் அது லைனின் மின்மறுப்பைச் சுமையின் மின்தடையால் வகுத்த எண்ணாக வருகிறது. 60 சதவீதச் சுமையில் 0.33, 80-இல் 0.5, 96-இல் 0.75, 100-இல் சரியாக 1. அதே 80 சதவீதத்தில் வோல்ட் மீட்டர் பத்து சதவீத வீழ்ச்சியைத்தான் காட்டியது. குறியீடோ பாதி வழி வந்துவிட்டோம் என்கிறது.

நேரத்தைச் சேர்த்தால் கதை மாறும்

இதுவரை சொன்னவை எல்லாம் அசையாப் படங்கள். உண்மையில் சுமை சும்மா இருப்பதில்லை; வோல்டேஜ் குறைந்தால் எதிர்வினை காட்டும்.

வீட்டு ஸ்டெபிலைசரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் வோல்டேஜ் இறங்கினால் "டிக்" என்று சத்தம் போட்டு அடுத்த டேப்புக்கு (சுருளின் அடுத்த இணைப்புப் புள்ளிக்கு) தாவி, ஃபிரிட்ஜுக்கு 230-ஐக் கொடுத்துவிடும். ஃபிரிட்ஜுக்கு நல்லது. லைனுக்கு? அதே திறனுக்கு இப்போது கூடுதல் கரண்ட். துணைமின் நிலையத்து டிரான்ஸ்பார்மரின் ஆன்லோடு டேப் சேஞ்சரும் பெரிய அளவில் இதையே செய்கிறது. பத்து இருபது நொடிகளுக்கு ஒரு டேப் என்ற கணக்கில். ஒவ்வொரு டேப்பும் வாடிக்கையாளர் வோல்டேஜை மீட்கிறது, மேலே உள்ள லைனின் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்குகிறது. மூக்கு நுனிக்கு அப்பால் போய்விட்டால் டேப் ஏற்றுவதே வோல்டேஜை இறக்கும். அதனால்தான் நெருக்கடியில் டேப் சேஞ்சரை முடக்கச் சொல்லும் நடைமுறை பல நாடுகளில் இருக்கிறது.

மோட்டார் இன்னும் முரட்டுப் பிள்ளை. அதன் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80 சதவீத வோல்டேஜில் கிடைப்பது 64 சதவீத விசை. கிணறு ஆழமாகி, சப்மர்சிபிள் மோட்டார் முக்கிக்கொண்டு ஓடும் கோடையில், வேகம் குறைந்து கரண்ட் கூடும். ஒரு கட்டத்தில் நின்றே போகும். நின்ற மோட்டார் ஓடும்போது இழுத்ததைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும், அதில் பெரும்பகுதி ரியாக்டிவ். கரண்ட் போய்த் திரும்பியதும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் எழ முயல்வது இதனால்தான் பீடருக்குச் சோதனை.

மெதுவான சரிவுக்குப் பாடப்புத்தக உதாரணம் டோக்கியோ. 1987 ஜூலை 23, கொதிக்கும் வெயில். மதிய இடைவேளை முடிந்து அலுவலகங்கள் திரும்பியதும் தேவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மெகாவாட் வேகத்தில் ஏறியது. இருந்த கெப்பாசிட்டர்களைச் சேர்த்தார்கள். அப்படியும் 500 கிலோவோல்ட் லைன்களின் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போனது. இருபது நிமிடத்துக்குள் சுமார் 8,000 மெகாவாட் போய், ஏறத்தாழ 28 லட்சம் இணைப்புகள் இருண்டன. லைன் அறுந்ததோ, மின்னல் விழுந்ததோ தொடக்கம் அல்ல. தேவை ஏறிய வேகமே போதுமானதாக இருந்தது. குறைந்த வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுக்கும் ஏ.சி.களின் பங்கும் பிறகு பேசப்பட்டது.

நம் நாட்டின் 2012 ஜூலை 30, 31 இருட்டடிப்புகளை இதனோடு சேர்த்துப் பேசுவார்கள். அது வேறு வகை. 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் லைனில் சுமை ஏறி, வோல்டேஜ் தாழ்ந்தபோது, வோல்டேஜைக் கரண்டால் வகுத்துப் பார்க்கும் பாதுகாப்பு ரிலே அதைக் கோளாறு என்று எண்ணி லைனைத் துண்டித்தது. பிறகு வட்டாரங்கள் ஒத்திசைவை இழந்தன. அன்று தமிழ்நாடு தப்பியதற்குக் காரணம், தென் கிரிட் அப்போது மற்றவற்றோடு நேர்திசை மின்னோட்ட (டி.சி.) இணைப்புகளால் மட்டும் கட்டப்பட்டிருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக அது தேசிய கிரிட்டோடு ஒத்திசைந்தது.

இப்படி நேரத்தோடு ஓடும் சரிவைக் கணக்கிட, வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சிறு சிறு கால அடிகளில் தீர்க்க வேண்டும். நொடியின் பின்னத்தில் நடப்பவை அடங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, டேப் சேஞ்சர், ஜெனரேட்டரின் புலக்கரண்ட் வரம்பு போன்ற மெதுவானவற்றை மட்டும் நகர்த்தினால் பத்து நிமிடச் சரிவை மலிவாக ஓட்டிப் பார்க்கலாம். மோட்டார்கள் நிற்கும் சரிவு ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். அதற்கு இந்தக் குறுக்குவழி உதவாது, முழுச் சமன்பாடுகளும் வேண்டும்.

ஊர்ப் பீடருக்கு வேறு கணக்கு

மேலே சொன்ன முறைகள் 110 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட கிரிட்டுக்கு. குடியாத்தத்தில் ஒரு தெருவுக்கு 180 வோல்ட் ஏன் வருகிறது என்று கேட்டால் அவற்றில் பாதி பொருந்தாது. கிராமத்துப் பீடரில் கம்பி மெல்லியது. மின்தடையும் மின்மறுப்பும் ஏறக்குறைய சமம். மெகாவாட்டையும் ரியாக்டிவையும் பிரிக்கும் 1974 முறை அங்கே தடுமாறும். மாறாக, பீடர் மரக்கிளை போலப் பிரிந்து போகிறது, வளையங்கள் இல்லை. இந்த வடிவத்தைப் பயன்படுத்தும் முன்–பின் வீச்சு முறை போதும்:

1. எல்லா இடத்திலும் வோல்டேஜ் முழுதாக இருக்கிறது என்று வைத்து, ஒவ்வொரு சுமையின் கரண்டையும் கணக்கிடு.
2. கடைசி மோட்டாரிலிருந்து துணைமின் நிலையம் வரை பின்னோக்கி வந்து, கிளை கிளையாகக் கரண்டைக் கூட்டு.
3. துணைமின் நிலையத்திலிருந்து முன்னோக்கிப் போய், ஒவ்வொரு துண்டிலும் விழும் வோல்டேஜைக் கழி.
4. புது வோல்டேஜை வைத்து மீண்டும் முதல் படி. எண்கள் அசையாமல் நின்றால் முடிந்தது.

அணியே வேண்டாம், சின்ன பீடருக்கு எக்செல் தாளிலேயே போட்டுவிடலாம். காட்பாடியிலோ பாகாயத்திலோ பொறியியல் படிப்பவர்கள் தங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் கீழ் உள்ள சுமைகளை வைத்து முயன்று பார்க்க ஏற்ற கணக்கு.

ஈ.பி. சொன்னதும் ஊர் சொன்னதும் ஒரே நேரத்தில் எப்படி உண்மை ஆகின்றன என்பதும் இந்த முறையில் வெளிப்படும். முதல் முனை 11 கிலோவோல்ட்டில் நிற்க, கடைசி முனை நொண்டும். அதற்கு மருந்து கம்பியைத் தடிமனாக்குவதும், டிரான்ஸ்பார்மரைச் சுமைக்குப் பக்கத்தில் கொண்டுவருவதும். மேலே 400 கிலோவோல்ட்டில் விளிம்பு எவ்வளவு என்ற கேள்விக்கு இந்தத் தாள் விடை தராது. அதற்குத் தொடர்ச்சி முறையை, எல்லா லைனும் இருக்கும் நிலைக்கு ஒருமுறையும், முக்கிய லைன் அல்லது டிரான்ஸ்பார்மர் ஒவ்வொன்றும் விழுந்ததாக வைத்து ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் மிகச் சிறியதாக வரும் மெகாவாட்தான் அந்த வட்டாரத்தின் விளிம்பு. கோடைக்கு முன் அடுத்த முறை "வோல்டேஜ் வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை வந்தால், கேட்க வேண்டியது அந்த எண்ணையும், அது எந்தச் சுமைத் திசைக்குக் கணக்கிடப்பட்டது என்பதையும்.